வெளிநாட்டில் வேலை பார்த்து வாழ எந்த விசா? முதன்முதலாகத் தேடுபவர்களுக்கு

வெளிநாடு போக வேண்டும் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இப்ப எந்த நாட்டுக்கு ஈஸியா விசா கிடைக்குது?" என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பொதுவான பதிலே கிடையாது. பதில் சொல்கிறவர் தனக்குக் கிடைத்ததை வைத்துச் சொல்வார், இல்லையென்றால் எதையோ விற்கப் பார்ப்பார். ஒரு நர்ஸை இரு கரம் நீட்டி வரவேற்கும் நாடு, அதே வயதில் அதே அளவு படித்த ஒரு விற்பனை மேலாளரை வாசலிலேயே நிறுத்திவிடும். நாடு ஒன்றுதான், ஆனால் இருவருக்கும் வழி வேறு.

ஆகவே நாட்டைப் பற்றிய யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது இது: இந்த ஆளை உள்ளே விடலாம் என்று உங்களுக்காக யார் சொல்லப்போகிறார்கள்? ஒரு முதலாளியா, ஒரு பல்கலைக்கழகமா, கணவனோ மனைவியோவா, தாத்தா பாட்டி பிறந்த ஊரா, உங்கள் வயது, படிப்பு, மொழி எல்லாம் சேர்ந்து கிடைக்கும் மதிப்பெண்ணா, பணமா? உலகத்தில் விசா வகைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் வேலை செய்து வாழ அனுமதிக்கும் விசாக்களைக் கிளறிப் பார்த்தால் அடியில் இருப்பது இந்த ஐந்தாறு காரணங்கள்தான். உங்களுக்காக யார் சொல்கிறார்களோ அவர்கள் கையில்தான் கயிறு இருக்கும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். முதலாளி சொல்லிப் போனால் கயிறு முதலாளியிடம், மனைவியின் விசாவை ஒட்டிப் போனால் மனைவியின் விசாவிடம். மதிப்பெண் வைத்துப் போனவர் மட்டும் கிட்டத்தட்ட சுதந்திரமாக இருக்கிறார். ஒரு வழியை இன்னொன்றோடு ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கட்டணமும் சம்பளமும் அப்புறம்.

பேச்சில் ஒன்றோடொன்று குழம்பிப்போகும் சில விஷயங்களையும் பிரித்து வைத்துவிடலாம். விசா என்பது பெரும்பாலும் உள்ளே நுழைய அனுமதி. ஒர்க் பெர்மிட் வேலை செய்ய அனுமதி. சில நாடுகளில் இரண்டும் ஒன்றாகவே வரும், சில நாடுகளில் உள்ளே போன பிறகு வசிப்பு அட்டைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பிஆர் என்பது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, குடியுரிமை அல்ல, அதைத் தொலைக்கவும் முடியும். கனடா பிஆர் வைத்திருப்பவர் ஒவ்வொரு 5 ஆண்டிலும் குறைந்தது 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். சுற்றுலா விசா இந்தக் கணக்கிலேயே வராது. அதில் போய் வேலை செய்தால் அது சட்ட மீறல், "அங்க போய் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

முதலாளி வழி

உலகம் முழுக்க அதிகம் பேர் போகும் வழி இதுதான். உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அந்த நாட்டு அரசிடம் பொறுப்பேற்கிறது. ஸ்பான்சர் என்று சொல்வது அவர்களைத்தான். எல்லா நிறுவனங்களாலும் இதைச் செய்ய முடியாது என்பது புதிதாகத் தேடுபவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. பிரிட்டனில் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு ஆள் எடுக்க நிறுவனத்திடம் உள்துறையின் ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டும், அப்படி உரிமம் உள்ள நிறுவனங்களின் முழுப் பட்டியலையும் அரசே இணையத்தில் வெளியிடுகிறது. நெதர்லாந்தும் அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சர்களின் பட்டியலை வெளியிடுகிறது. நியூசிலாந்தில் 2022 முதல் அங்கீகாரம் பெற்ற முதலாளிதான் வெளிநாட்டவரை எடுக்க முடியும். ஆக, வேலைத் தளங்களில் கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பதை விட, அந்தப் பட்டியலைத் திறந்து உங்கள் துறை நிறுவனங்களைப் பொறுக்கி எடுத்து, அவர்களின் சொந்தத் தளத்தில் போய்த் தேடுவது மேல். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் காசு கேட்கும் ஆட்கள் செய்வதும் இதையேதான்.

அடுத்த தடை சம்பள வரம்பு. வேலை கிடைத்தால் மட்டும் போதாது, அந்த வேலை அரசு சொல்லும் தரத்திலும் சம்பளத்திலும் இருக்க வேண்டும். பிரிட்டனில் இந்தப் பொது வரம்பு 2024 ஏப்ரலில் ஆண்டுக்கு 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆகத் தாவியது, 2025 ஜூலை 22-ல் 41,700 ஆனது. அதே நாளில் பட்டதாரி தரத்துக்குக் கீழே உள்ள பல வேலைகள் இந்த விசாவுக்குத் தகுதியான வேலைகளின் பட்டியலிலிருந்து வெளியே போயின, முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் நின்றுபோனது. ஆகவே மூன்று ஆண்டுக்கு முன் போன நண்பர் சொல்லும் வழி இன்று இல்லாமலே இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை, அவர் போன கதவு மூடிவிட்டது, அவ்வளவுதான். ஜெர்மனி உள்ளிட்ட பெரும்பாலான ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தரும் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியிலும் சம்பள வரம்பு உண்டு. ஜெர்மனியில் அது ஆண்டுதோறும் மாறும், ஆள் தட்டுப்பாடு உள்ள துறைகளுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். டென்மார்க்கும் அயர்லாந்தும் ப்ளூ கார்டு திட்டத்தில் இல்லை, அவற்றுக்குத் தனி வழிகள் உள்ளன.

அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவும் இதே முதலாளி வழிதான், ஆனால் நடுவில் ஒரு குலுக்கல் இருக்கிறது. ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. மார்ச் மாதம் நிறுவனம் உங்கள் பெயரைப் பதிவு செய்யும், தேர்வானால் அக்டோபர் 1 முதல் வேலை. உயர்ந்த சம்பள நிலைக்குக் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும்படி அந்தக் குலுக்கலையும் மாற்றியிருக்கிறார்கள். போதாததற்கு, வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் ஆளுக்கு நிறுவனம் 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. திறமை இருந்தால் கிடைத்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கும் வழி இல்லை இது. ஏற்கனவே ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் வேலையில் இருப்பவர்கள் எல்-1 பற்றி விசாரிப்பது நல்லது: கடந்த 3 ஆண்டுகளில் தொடர்ந்து ஓர் ஆண்டு அதே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையில் மேலாளராகவோ, சிறப்பு அறிவு தேவைப்படும் பொறுப்பிலோ இருந்தவரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றலாம், அதற்குக் குலுக்கல் கிடையாது. பல நாடுகளில் இப்படி உள்மாற்ற விசா உண்டு. அமைதியாக நடக்கும் வழி என்பதால் யாரும் இதைப் பற்றி வீடியோ போடுவதில்லை.

இனி கயிற்றுக்கு வருவோம். முதலாளி வழியில் வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். அமெரிக்காவில் எச்-1பிகாரருக்கு அதிகபட்சம் 60 நாள், பிரிட்டனிலும் பொதுவாக 60 நாள் கொடுத்து, அதற்குள் வேறு ஸ்பான்சரைப் பிடி, இல்லையென்றால் கிளம்பு என்பார்கள். சம்பளம் நன்றாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போடுவதற்கு முன், வேறு நிறுவனத்துக்கு மாற முடியுமா, மாறுவதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா, இடையில் விட்டுப் போனால் பணம் திருப்பிக் கட்டச் சொல்லும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மருத்துவர், நர்ஸ், ஆசிரியர் போன்ற தொழில்களில் விசாவுக்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது: அந்த நாட்டுத் தொழில் மன்றத்தில் பதிவு. பிரிட்டனில் நர்ஸ் ஆக வேண்டுமென்றால் ஆங்கிலத் தேர்வோடு, கணினியில் எழுதும் தேர்வு ஒன்று, செய்முறைத் தேர்வு ஒன்று, இரண்டையும் தாண்ட வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் என்கிளெக்ஸ் என்ற தேர்வு. இந்தத் துறையில் இருப்பவர்கள் விசாவைத் தேடி நேரத்தை வீணாக்காமல் பதிவைத் தேடலாம். பதிவு கையில் இருந்தால் முதலாளியே தேடி வருவார்.

மதிப்பெண் வழி

முதலாளி இல்லாமல், உங்கள் தகுதியை வைத்தே ஒரு நாடு உங்களைக் கூப்பிடும் முறை இது. 1967-ல் கனடா தொடங்கி வைத்தது, பிறகு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் எடுத்துக்கொண்டன. வயது, படிப்பு, அனுபவம், மொழி என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண் என்று கூட்டிப் பார்ப்பார்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தகுதி பெறுவது வேறு, அழைப்பு வருவது வேறு. கனடாவின் ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர் பிரிவுக்கு 100-க்கு 67 எடுத்தால் தகுதி. ஆனால் அதை எடுத்தவுடன் நீங்கள் போய்ச் சேர்வது எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற பெரிய கூட்டத்துக்குள், அங்கே 1,200-க்கு இன்னொரு மதிப்பெண் போட்டு மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, அவ்வப்போது நடக்கும் டிரா என்ற தேர்வுச் சுற்றில் மேலே இருப்பவர்களை மட்டும் கூப்பிடுவார்கள். "67 எடுத்துட்டீங்க சார், கனடா கன்ஃபார்ம்" என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் இந்த இரண்டாவது மதிப்பெண்ணைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் குறைந்தபட்சம் 65 என்று போட்டிருக்கும், ஆனால் பல தொழில்களில் அழைப்பு அதைவிட மேலேதான் போகும்.

சரி, மதிப்பெண்ணைக் கூட்ட என்ன செய்யலாம்? வயதைக் குறைக்க முடியாது. கனடா கணக்கில் தனியாக விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை 110 மதிப்பெண், 30 பிறந்ததும் ஆண்டுக்கு ஐந்தோ ஆறோ கழியும், 40-க்கு மேல் ஆண்டுக்குப் பதினொன்று, 45-ல் பூஜ்யம். ஆஸ்திரேலியாவில் 25 முதல் 32 வரை உச்சம், 45 ஆகிவிட்டால் இந்த வழி மூடிவிடும். ஆகவே "ரெண்டு வருஷம் கழிச்சு நிதானமா பார்க்கலாம்" என்பது மற்ற வழிகளில் பரவாயில்லை, இந்த வழியில் அதற்கு விலை உண்டு.

உங்கள் கையில் உண்மையிலேயே இருப்பது மொழித் தேர்வுதான். இதை ஒரு கணக்கு போட்டுக் காட்டினால்தான் நம்புவீர்கள். முதுகலை படிப்பும் கனடாவுக்கு வெளியே 3 ஆண்டு அனுபவமும் உள்ள ஒருவர், துணை இல்லாமல் விண்ணப்பிக்கிறார். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் கேட்டலில் 7.5, மற்ற மூன்றிலும் 6.5 எடுக்கிறார். நல்ல மதிப்பெண்தான். அதுவே கேட்டலில் 8, மற்றவற்றில் 7 என்று ஆனால், ஒவ்வொரு திறனுக்கும் 8 வீதம் 32 கூடும், அதோடு படிப்புக்குச் சேர்த்துத் தரும் 25 ஐம்பதாகும், அனுபவத்துக்குச் சேர்த்துத் தரும் 25-ம் ஐம்பதாகும். மொத்தம் 82 மதிப்பெண். அரை பேண்ட் வித்தியாசத்துக்கு! இன்னொரு முதுகலை படித்தாலும் இத்தனை கிடைக்காது. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனி டிராவே உண்டு, 2023 முதல் மருத்துவம், கட்டுமானத் தொழில்கள் என்று பிரிவு வாரியாகவும் கூப்பிடுகிறார்கள். மாகாணம் ஒன்று உங்களைப் பரிந்துரைத்தால் ஒரேயடியாக 600 சேரும். முன்பு வேலை ஆஃபருக்கும் 50 அல்லது 200 தந்தார்கள், அதை வைத்துப் போலி ஆஃபர் வியாபாரம் பெருகியதால் 2025 மார்ச் 25 முதல் நிறுத்திவிட்டார்கள். இன்னமும் "ஆஃபர் லெட்டர் வாங்கித் தர்றேன், மார்க் கூடும்" என்று யாராவது சொன்னால் என்ன அர்த்தம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஜெர்மனியின் சான்சன்கார்ட்டே, அதாவது வாய்ப்பு அட்டை, மதிப்பெண்ணும் வேலை தேடலும் கலந்த ஒன்று. 2024 ஜூன் 1-ல் தொடங்கியது. படித்த நாட்டில் அங்கீகாரம் உள்ள பட்டமோ குறைந்தது 2 ஆண்டு தொழிற்பயிற்சியோ இருக்க வேண்டும், ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 (மொழித் தேர்ச்சி நிலைகள், ஏ1 தொடக்கம், சி2 உச்சம்) தெரிந்திருக்க வேண்டும், அங்கே இருக்கும் காலத்துக்குச் செலவுப் பணம் காட்ட வேண்டும், அதற்கு மேல் 6 புள்ளி. வயது 35-க்கு மேல் இல்லை என்றால் 2, படித்த துறையில் கடந்த 7 ஆண்டில் 5 ஆண்டு வேலை பார்த்திருந்தால் 3, ஆங்கிலம் சி1 என்றால் 1. ஆறு ஆகிவிட்டது. பட்டம் அங்கே செல்லுமா என்று அனபின் என்ற தரவுத்தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஓராண்டு தங்கி வேலை தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் பார்க்கலாம். ஆனால் என்னைக் கேட்டால், அட்டை கிடைப்பது இதில் சின்ன விஷயம். ஜெர்மன் மொழி ஓரளவாவது வராமல் அங்கே போய் இறங்கி வேலை தேடுவது, சில கணினித் துறைகள் தவிர மற்றவர்களுக்குச் சேமிப்பைக் கரைக்கும் வேலை. பி1 வரை படித்துவிட்டுப் போங்கள். அந்தப் படிப்பு பின்னாலும் உதவும்: அங்கே ப்ளூ கார்டு வாங்கியவருக்குப் பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை, ஏ1 மட்டும் என்றால் 27 மாதம்.

படிப்பு வழி

மாணவர் விசா தன்னளவில் வேலை விசா இல்லை. படிப்பு முடிந்த பிறகு கிடைக்கும் சில மாதங்களோ ஆண்டுகளோதான் வேலைக்கான ஜன்னல். அமெரிக்காவில் 12 மாதம், அறிவியல் தொழில்நுட்பப் பாடங்களுக்கு இன்னும் 24 மாதம் நீட்டிப்பு. ஜெர்மனியில் வேலை தேட 18 மாதம். பிரிட்டனில் 2 ஆண்டு, ஆனால் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. கனடாவில் 3 ஆண்டு வரை உண்டு, என்றாலும் 2024-க்குப் பிறகு எல்லாப் படிப்புக்கும் அது கிடைப்பதில்லை, பட்டப்படிப்பு அல்லாத பல டிப்ளமோக்களுக்குப் பாடத்துறை நிபந்தனை வந்துவிட்டது.

கவனித்தீர்களா, படிப்பு 2 ஆண்டு ஓடும், அதற்குள் விதி மாறிவிடும். சேரும்போது இருந்த வாக்குறுதி முடிக்கும்போது இருக்கும் என்று எந்த நாடும் எழுதிக் கொடுப்பதில்லை. அந்தப் பட்டம் எங்கே கொண்டுபோனாலும் மதிப்புள்ளதாக இருந்தால் இந்த வழியில் போங்கள். விசாவுக்காக மட்டும் ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு டிப்ளமோவுக்குக் கடன் வாங்கிச் சேர்வது சூதாட்டம், அதுவும் கடன் வாங்கிய காசில்.

மற்றவை, சுருக்கமாக

குடும்ப வழியில் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்க வேண்டும்: டிபெண்டன்ட் விசாவில், அதாவது துணையை ஒட்டிக் கிடைக்கும் விசாவில், வேலை செய்யலாமா? பிரிட்டனில் ஸ்கில்டு ஒர்க்கரின் துணை வேலை செய்யலாம், ஜெர்மனியிலும் செய்யலாம். அமெரிக்காவில் எச்-1பிகாரரின் துணைக்கான எச்-4 வைத்திருப்பவருக்குச் சில நிபந்தனைகள் பூர்த்தியானால்தான் முடியும். ஜப்பானில் தனி அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம். நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் துணையோடு போய் ஆண்டுக்கணக்கில் வீட்டில் உட்கார வேண்டி வருவது, விசாப் பேச்சில் யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம்.

பரம்பரை வழி கொஞ்சம் பேருக்குத்தான் பொருந்தும், பொருந்தினால் அதைவிட நல்ல வழி இல்லை. தாத்தா பாட்டியில் ஒருவர் பிரிட்டனில் பிறந்திருந்தால் காமன்வெல்த் குடிமக்களுக்கு 5 ஆண்டு விசா உண்டு. அயர்லாந்தில் பிறந்திருந்தால் குடியுரிமையே கேட்கலாம்.

பட்டம் இல்லாதவர்கள் ஜப்பானின் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவைப் பார்க்கலாம். 2019 ஏப்ரலில் தொடங்கியது, பராமரிப்பு, கட்டுமானம், விவசாயம், உணவகம் என்று பல துறைகள், ஒரு திறன் தேர்வும் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வும் எழுத வேண்டும். முதல் நிலையில் 5 ஆண்டு வரை, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இரண்டாம் நிலைக்கு உயர்ந்தால் நீட்டித்துக்கொண்டே போகலாம், குடும்பமும் வரலாம்.

ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க விடும் ஒர்க்கிங் ஹாலிடே விசா 18 முதல் 30 அல்லது 35 வயது வரை உள்ளவர்களுக்கு, உங்கள் பாஸ்போர்ட் நாட்டோடு ஒப்பந்தம் இருந்தால் மட்டும். டிஜிட்டல் நாடோடி விசா (எஸ்டோனியா 2020-ல், போர்ச்சுகல் 2022-ல், ஸ்பெயின் 2023-ல் தொடங்கின) ஏற்கனவே வெளியூர் நிறுவனத்துக்கு இணையம் வழியாக வேலை பார்த்துச் சம்பாதிப்பவர்களுக்கு. உள்ளூரில் வேலை தேடப் போகிறவர்களுக்கு அது உதவாது, அதோடு ஓர் ஆண்டில் பாதிக்கு மேல் தங்கினால் பல நாடுகளில் வரிக் கணக்கும் அங்கே வந்துவிடும்.

உங்கள் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு தாளை எடுத்து வயது, படிப்பு, இதுவரை பார்த்த வேலைகள், தெரிந்த மொழிகள், கையில் இருக்கும் பணம், கூட வருபவர்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். இதில் மற்றவற்றை விட அதிகம் நேரம் எடுக்க வேண்டியது வேலைக்குத்தான், ஏனென்றால் குடிவரவு அதிகாரிக்கு உங்கள் பதவிப் பெயர் தேவையில்லை, வேலைக் குறியீடு தேவை. கனடாவில் அதற்கு என்ஓசி, பிரிட்டனில் எஸ்ஓசி என்று பெயர். ஒவ்வொரு குறியீட்டுக்கும் கீழே அந்த வேலையில் இருப்பவர் தினமும் என்ன செய்வார் என்று வரிவரியாக எழுதியிருக்கும். விசிட்டிங் கார்டில் "ஆபரேஷன்ஸ் மேனேஜர்" என்று போட்டிருக்கலாம், ஆனால் நீங்கள் தினமும் செய்வது தரவு உள்ளீடு என்றால் குறியீடு அதற்குத்தான். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், சாதாரணமாகத் தெரியும் ஒரு பதவிப் பெயருக்குள் ஆள் தட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வேலை ஒளிந்திருக்கலாம். குறியீடு பிடிபட்டதும் பழைய நிறுவனங்களிடம் அனுபவக் கடிதம் கேளுங்கள்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, வாரம் இத்தனை மணி நேரம், இவ்வளவு சம்பளம், இன்னின்ன பொறுப்புகள் என்று. "நல்லொழுக்கத்துடன் பணியாற்றினார்" என்று நாலு வரி எழுதிய கடிதம் எதற்கும் ஆகாது. விண்ணப்பங்கள் இழுபடுவதற்கு இந்தக் கடிதம் பெரிய காரணம், ஏனென்றால் மூடிப்போன நிறுவனத்திடமோ மனக்கசப்போடு விட்டு வந்த நிறுவனத்திடமோ இதை வாங்குவது லேசில் முடியாது.

அப்புறம் அந்தத் தாளோடு அரசுத் தளங்களுக்குப் போங்கள். பிரிட்டன், கனடா, ஜெர்மனி மூன்றிலுமே சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் எந்த விசா பொருந்தும் என்று சொல்லும் இலவசக் கருவி இருக்கிறது, கனடா, ஆஸ்திரேலியா தளங்களில் மதிப்பெண் கணக்கிடும் கருவியும் உண்டு. தனியார் கன்சல்டன்சியின் "ஃப்ரீ அசெஸ்மென்ட்" இதே வேலையைச் செய்து, கூடவே உங்கள் செல்போன் எண்ணையும் வாங்கிக்கொள்கிறது.

இரண்டு மூன்று வழிகள் பொருந்தினால், எது வேகம் என்று பார்க்காமல் எது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். சில விசாக்கள் நேராக நிரந்தர வசிப்புரிமைக்குப் போகும், சில எத்தனை ஆண்டு ஆனாலும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியவை. வளைகுடா நாடுகளில் பெரும்பாலான வேலை விசாக்கள் இரண்டாம் வகை. சம்பாதித்துத் திரும்பி வருவதுதான் திட்டம் என்றால் அதில் எந்தக் குறையும் இல்லை, குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு போனால்தான் சிக்கல். முடிவிடமும் நகரக்கூடியது: பிரிட்டனில் நிரந்தர வசிப்புரிமைக்கு வழக்கமாக 5 ஆண்டு, அதை 10 ஆக்கும் திட்டத்தை 2025-ல் அரசு அறிவித்தது. அமெரிக்காவில் வேலை வழி கிரீன் கார்டில் ஓராண்டு இடங்களில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால், எங்கே பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்துச் சிலருக்குக் காத்திருப்பு பல்லாண்டு நீளும்.

செலவைக் கணக்கிடும்போது விசாக் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். மொழித் தேர்வு, சான்றிதழ் மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, மொழிபெயர்ப்பு, கையிருப்புக் காட்ட வேண்டிய தொகை எல்லாம் உண்டு. பிரிட்டனுக்கு வேலை விசாவில் போகும் வயது வந்த ஒருவருக்குப் பொதுவாகச் சுகாதாரக் கட்டணமே ஆண்டுக்கு 1,035 பவுண்டு, விசா எத்தனை ஆண்டோ அத்தனை ஆண்டுக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். நாலு பேர் குடும்பம் என்றால் கூட்டிப் பாருங்கள்.

ஏஜென்ட் விஷயம்

ஏஜென்ட் எல்லோரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். சிக்கலான வழக்கு, முன்பு நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் என்றால் உரிமம் பெற்ற ஆலோசகரோ வழக்கறிஞரோ கொடுக்கும் காசுக்கு உதவுவார்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உரிமம் உள்ளவர்களின் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் வேலை வாங்கித் தருவதற்குப் பணம் கேட்பது வேறு. தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ம் ஆண்டு உடன்படிக்கை சொல்லும் பொதுவிதி. பிரிட்டனில் முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய திறன் கட்டணத்தைத் தொழிலாளி தலையில் கட்டுவதற்குத் தடை உண்டு. ஸ்பான்சர்ஷிப் சான்றை விலைக்கு விற்கிறோம் என்று யார் சொன்னாலும், அந்த வேலை இல்லாத வேலை, அல்லது போன பிறகு சம்பளம் தராத வேலை.

எல்லாவற்றையும் விட மோசம், உங்கள் பெயரில் போலி ஆவணம் வைப்பது. ஏஜென்ட் வைத்தார், எனக்குத் தெரியாது என்பது செல்லாது, கையெழுத்து உங்களுடையது. பொய்த் தகவலுக்குக் கனடா 5 ஆண்டுத் தடை போடுகிறது, பிரிட்டன் 10 ஆண்டு, அமெரிக்காவில் அது நிரந்தரத் தடையாகவே ஆகலாம். ஆகவே யாரிடம் கொடுத்தாலும், அனுப்பும் முன் முழு விண்ணப்பத்தையும் வாங்கி ஒரு வரி விடாமல் படியுங்கள், அரசுத் தளத்தில் திறக்கும் கணக்கின் கடவுச்சொல் உங்களிடமும் இருக்கட்டும்.

கடைசியாக, வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பது. பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள், இனிஷியல் விரிந்திருப்பதும் சுருங்கியிருப்பதும் பின்னால் பெரிய தலைவலி, திருத்த மாதக்கணக்கில் ஆகும். அடுத்து அனுபவக் கடிதங்கள், அவற்றுக்குக் காலாவதி கிடையாது. பிறகு சான்றிதழ் மதிப்பீடு, கனடாவுக்கு அது 5 ஆண்டு செல்லும். அதன் பிறகு மொழித் தேர்வு, ஐஇஎல்டிஎஸ் போன்றவற்றுக்கு ஆயுள் 2 ஆண்டுதான். காவல்துறைச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் சீக்கிரம் காலாவதியாகும், அவற்றை அழைப்போ ஆஃபரோ வந்த பிறகு எடுத்தால் போதும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அழைப்பு வந்ததிலிருந்து 60 நாளுக்குள் எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும், முந்தைய படிகளை முடித்து வைத்திருப்பவர்களுக்கு அந்த 60 நாள் தாராளம்.